துருவின் சாட்சியம்: ஒரு நீர்மூழ்கி மாதிரிக்கு மூப்பேற்றுவது குறித்து

1

ப்ளாஸ்டிக்கில் வார்த்த போர்க்கப்பல், விமானம், டாங்கி ஆகியவற்றின் சிறு மாதிரிகளை ஒட்டிச் சேர்த்து வர்ணம் பூசுகிறவர்கள் தங்கள் வேலையின் கடைசிக் கட்டத்தை 'வெதரிங்' என்கிறார்கள். வெயிலும் மழையும் உப்புக்காற்றும் ஒரு பொருளின்மீது வருடக்கணக்கில் செய்வதைச் சில நாட்களில் தூரிகையால் செய்துகாட்டுவதுதான் அது. தமிழில் இதற்கு வழக்கில் ஒரு சொல் இல்லை. 'மூப்பேற்றுதல்' என்று இக்கட்டுரைக்காக வைத்துக்கொள்கிறேன். சொல் இல்லாததைச் சொல்வளக் குறைவாக நான் பார்க்கவில்லை. புதிய ஒன்றைப் பழையதாக ஆக்குவது நம் கைவினை மரபுகளில் மதிக்கத்தக்க செயலாக இருந்ததில்லை என்பதே அதன் பொருள்.

வண்டியூரில் எங்கள் தெருவில் கடைப்பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிவந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். எனாமலை டர்பன்டைனில் எவ்வளவு இளக்கினால் தூரிகை இழுபடாமல் ஓடும் என்பதை அவரிடமிருந்துதான் கற்றேன். என் மேசையில் இருந்த நீர்மூழ்கியைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஏன் தம்பி, காசு குடுத்துப் புதுசா வாங்கி, அதை எதுக்கு அழுக்காக்குற? பழசைப் புதுசாக்கத்தான் என்னைக் கூப்புடுவாங்க." இதை வேடிக்கையாக ஒதுக்கிவிட முடியாது. இரண்டு வரலாற்றுப் பார்வைகள் எதிரெதிராக நிற்கும் இடம் இது. அழுக்கும் துருவும் யாருக்குச் சாட்சியம், யாருக்கு அவமானம் என்பதே கேள்வி.

2

சிறு மாதிரிகளின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு திறவுகோல் இருக்கிறது. 1/72 என்ற அளவு இன்று மாதிரிக்காரர்களிடம் பரவலாக இருப்பது. ஆறு அடியை ஓர் அங்குலமாக்கும் கணக்கு அது. பிரிட்டனில் 1930களில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற மரத் தொகுப்புகள் இந்த அளவைப் பிரபலமாக்கின. 1942-இல் அமெரிக்கக் கடற்படை உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் விமான மாதிரிகள் செய்துதரச் சொன்னபோது கேட்டதும் இதே அளவைத்தான். அந்த மாதிரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம்: கறுப்பு. வானத்தில் ஒரு கணம் தெரியும் நிழலுருவைப் பார்த்து, வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று சிப்பாய் சொல்ல வேண்டும். அதற்கு உருவம் போதும். நிறம், துரு, எண்ணெய்க்கறை எல்லாம் கவனத்தைச் சிதறடிக்கும் உபரிகள்.

போர் முடிந்தது. ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1953-இல் தன் முதல் விமானமாக ஸ்பிட்ஃபயரை வெளியிட்டது. கறுப்பு நிழலுரு பையன்களின் கைகளில் வர்ணம் பெற்றது. பிறகு 1970களில் அமெரிக்காவில் ஷெப்பர்ட் பெயின், மோனோகிராம் கம்பெனியின் பெட்டிகளுக்குள் வந்த துண்டுப் பிரசுரங்கள் வழியாக, சேறு படிந்த, குண்டு துளைத்த, சக்கரம் கழன்ற வாகனங்களைச் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1980களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃப்ரான்ஸ்வா வெர்லிண்டன் இந்த முறைகளை உலகெங்கும் கொண்டுபோனார். ஆக, மாதிரி என்பது போரின் கருவியாக இருந்தவரை அதற்கு நிறமே தேவைப்படவில்லை. அது போரின் நினைவாக மாறியபோது துரு தேவைப்பட்டது. எதிரியை அடையாளம் காண்பதற்கான பொருள், இறந்தகாலத்தை அடையாளம் காண்பதற்கான பொருளாகிவிட்டது.

ரோலான் பார்த் 1957-இல் வெளிவந்த தன் நூலில் பிரெஞ்சுப் பொம்மைகளைப் பற்றி எழுதும்போது, அவை குழந்தையைப் பெரியவர்களின் உலகத்துக்குப் பழக்குகின்றன என்கிறார். ராணுவமும் தபால்நிலையமும் மருத்துவமும் இயற்கையான விஷயங்களைப் போலப் பொம்மைகளாகிவிடுகின்றன. ப்ளாஸ்டிக்கை அவர் வெறுத்தார், மரத்தை விரும்பினார். மரம் கையோடு பழகும், ப்ளாஸ்டிக்குக்கு வயதே ஆகாது என்பது அந்த வெறுப்பின் சாரம். மூப்பேற்றுதல் என்ற கலை ப்ளாஸ்டிக்கின் இந்தக் குறைக்குப் பதில் என்று நான் நினைக்கிறேன். வயதாகாத பொருளுக்கு வயதைக் கடன் கொடுக்கிறோம். ஆனால் அந்தக் கடன் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது?

3

என் மேசையில் இருப்பது 1/350 அளவில் ஓர் அமெரிக்க 'கேட்டோ' வகை நீர்மூழ்கி. உண்மைக் கப்பல் சுமார் 95 மீட்டர், மாதிரி ஒரு சாணுக்குச் சற்று மேல். கேட்டோ, பலாவோ, டென்ச் மூன்றும் ஒரே குடும்பத்தின் அடுத்தடுத்த தலைமுறைகள். அதனால் கோபுரத்தை மாற்றி, மேல்தளப் பீரங்கியை நீக்கி, இதை நமக்குத் தெரிந்த ஒரு கப்பலாக்க முடியும். அமெரிக்காவில் 1944 டிசம்பர் 1-இல் நீரில் இறக்கப்பட்ட 'டயாப்ளோ' அது. 1964-இல் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டபோது அதற்கு 'காஜி' என்று பெயர். 1971 டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட நள்ளிரவில் விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வெளியே தன் மாலுமிகள் தொண்ணூற்றுச் சொச்சம் பேருடன் மூழ்கியது.

நீர்மூழ்கிக்கு மூப்பேற்றுவது மற்றக் கப்பல்களைப் போன்றதல்ல. அதன் வெளிக்கூடு நீர் புகாத பெட்டி அன்று. மேல்தளத்துக்குக் கீழே நீர் தாராளமாக வந்துபோகும் வெற்றிடம் உண்டு. அதற்காகப் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். கப்பல் மேலே எழும்போதெல்லாம் அந்தத் துளைகள் வழியாகக் கடல் வழிந்து இறங்கும். வழிந்த தடங்களில் உப்பு வெள்ளையாகப் படியும், அதன் கீழே துரு பழுப்பாக இறங்கும். நீர்மட்டக் கோட்டை ஒட்டிப் பாசி. அதற்குக் கீழே, சிப்பியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கச் செம்புச் சேர்மம் கலந்த பூச்சு. மேல்தளத்தில் மரச்சட்டங்கள், எனவே அங்கே துரு வராது. இரும்பு ஆணித்தலைகளைச் சுற்றி மட்டும் லேசாகக் கசியும். துரு எங்கே வரும் என்பதைவிட எங்கே வராது என்பதை அறிந்தவனே இந்த வேலையைச் செய்ய முடியும். கண்ட இடமெல்லாம் பழுப்பு அடிப்பவன் கப்பலைப் பார்த்ததில்லை, பிற மாதிரிகளைத்தான் பார்த்திருக்கிறான்.

அளவும் ஒரு ஒழுக்கத்தைக் கோருகிறது. 1/350-இல் ஒரு ஆள் அரை செண்டிமீட்டர். கப்பலில் ஒரு சாண் அகலமுள்ள துருத்திட்டு இங்கே அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். தூரிகையின் ஒரு மயிர் கூடுதலாகப் பட்டாலும் அது ஆள் உயரத்துக் காயமாகிவிடும். நிறத்தையும் அப்படியே எடுத்துப் பூசக்கூடாது. தூரத்தில் பார்க்கும் பொருள் வெளிறித் தெரியும் என்பதால், கறுப்பில் கொஞ்சம் சாம்பலைக் கலக்க வேண்டும்.

முறை இதுதான். முதலில் துருவின் பழுப்பை அடிப்பூச்சாக அடித்துக் காயவைக்க வேண்டும். அதன்மேல் நீரைத் தடவி உப்புத்தூளைச் சில இடங்களில் மட்டும் தூவி உலரவிட்டு, மேல்நிறத்தை ஏர்பிரஷால் தெளிக்க வேண்டும். காய்ந்தபின் உப்பை விரலால் தேய்த்து உதிர்த்தால், அடியிலிருக்கும் பழுப்பு ஒழுங்கற்ற சிறு திட்டுகளாகத் தெரியும். பிறகு எண்ணெய் வர்ணத்தை டர்பன்டைனில் நீர்த்து இடுக்குகளில் ஓடவிடுவது, புள்ளியாக வைத்து ஈரத் தூரிகையால் கீழ்நோக்கி இழுத்து வழிதடம் ஆக்குவது, கடைசியில் பளபளப்பைக் கொல்லும் வார்னிஷ். நான் பயன்படுத்துவது பலசரக்குக் கடையில் வாங்கிய உப்பு. உண்மைக் கப்பலை அரித்ததும் உப்பு, பொய்க் கப்பலுக்கு வயதைக் கொடுப்பதும் உப்பு. போலி என்றும் அசல் என்றும் பிரித்துப் பேசுகிற நமக்கு இது ஒரு சின்னச் சங்கடம்.

4

இப்போது கேள்விக்கு வருவோம். காஜிக்கு எந்த நாளின் துருவைப் பூசுவது?

காஜி 1971 நவம்பர் 14-இல் கராச்சியை விட்டது. பாகிஸ்தானிடம் அன்று இருந்த நீர்மூழ்கிகளில் அத்தனை தூரம் வந்து வங்காள விரிகுடாவில் வேலைசெய்யக்கூடியது இது ஒன்றுதான். அதன் இலக்கு விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த். கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவராக அப்போது இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், 1919-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். அவர் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, விசாகப்பட்டினத்தில் 'ராஜ்புத்' என்ற பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்த் போல நடிக்கவைத்தார். விக்ராந்த் அளவிலான கப்பலுக்கே உரிய செய்திப் போக்குவரத்து ராஜ்புத்திலிருந்து போனது. பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு ரேஷன் துறைமுகத்தில் ஆர்டர் செய்யப்பட்டது. ஒரு மாலுமி தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பதுபோன்ற தந்தி வேண்டுமென்றே மறைகுறியில்லாமல் அனுப்பப்பட்டது. இவற்றைக் கிருஷ்ணனே பின்னாளில் எழுதியிருக்கிறார். என் மேசையில் உப்பைத் தூவி நான் செய்வதும் அவர் செய்ததும் ஒரே தொழில்நுட்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லாத பொருள் ஒன்றை அதன் அன்றாடக் கசிவுகளால் நம்பவைப்பது. காய்கறிக் கணக்கும் தாயின் நலமும் விக்ராந்தின் துருத்தடங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் சிக்கல். நள்ளிரவை ஒட்டித் துறைமுகத்தை விட்டு வெளியே வந்த ராஜ்புத், நீரில் கண்ட சலனத்தை நோக்கி ஆழ்வெடிகளை வீசியது. நள்ளிரவுக்குப் பின் பெரிய வெடிச்சத்தம் கரைவரை கேட்டது. ராஜ்புத்தான் மூழ்கடித்தது என்பது இந்தியத் தரப்பு. தான் விதைத்த கண்ணிவெடியாலோ உள்ளே நேர்ந்த விபத்தாலோ அது வெடித்தது என்பது பாகிஸ்தான் தரப்பு. இந்தியக் கடற்படையைச் சேர்ந்தவர்களிலேயே இரண்டாவதை நோக்கிச் சாய்கிறவர்கள் உண்டு. 1971 போர்க்கால ஆவணங்கள் பல அழிக்கப்பட்டுவிட்டன என்ற செய்தி 2010-இல் வெளிவந்தது. 2017-இல் வந்த 'காஜி' படம் ஓர் இந்திய நீர்மூழ்கி அதை வீழ்த்தியதாகக் காட்டியது. இது இரு நாட்டுக் கதையாடல்களிலும் இல்லாத மூன்றாவது கதை. படத்தைப் பார்த்தவர்கள் எண்ணிக்கையை நினைத்தால், வருங்காலத்தில் இதுவே 'வரலாறு' ஆனாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் மாதிரியில் வெடித்த முன்பகுதியைக் காட்டலாமா? உலோகம் வெளிப்பக்கமாக விரிந்திருக்கிறதா, உள்பக்கமாக மடங்கியிருக்கிறதா? ஒரு செண்டிமீட்டர் ப்ளாஸ்டிக்கைச் சூடாக்கி எந்தப் பக்கம் வளைக்கிறோம் என்பதில் ஒரு தேசத்தின் தரப்பை எடுத்துவிடுகிறோம். மூப்பேற்றுதல் அரசியலற்ற பொழுதுபோக்கு என்று சொல்பவர்களிடம் நான் இந்த ஒரு செண்டிமீட்டரைத்தான் காட்டுவேன்.

நிறம்கூட அப்படித்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் கிடையாது, அடர்த்திதான் உண்டு. அந்த அடர்த்தியை நாம் நிறமாக மொழிபெயர்க்கிறோம். ஆனால் இருபது நாள் கடலோட்டம் மொழிபெயர்ப்பன்று. உப்புத் தடம் இருந்திருக்கும், பாசி இருந்திருக்கும். இருபத்தேழு வயது இரும்பில், இரண்டு கொடிகளின் கீழ் அடுக்கடுக்காகப் பூசப்பட்ட வர்ணம் எங்கேயாவது உரிந்திருக்கும். இவற்றை எந்த ஆவணமும் பதிவுசெய்யவில்லை, எந்தத் தரப்பும் மறுக்கப்போவதுமில்லை. வெற்றி தோல்வியின் கதையாடலுக்கு வெளியே பொருள்களுக்கு நேர்கிற காலம் என்று ஒன்று இருக்கிறது. துரு அதைத்தான் சொல்கிறது.

5

துருவை இப்படிக் கொண்டாடுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பழமையின் அழகு என்பது வரலாறு உடைய ஒரு ரசனை. ரஸ்கின் 1849-இல் சீரமைப்பைப் பொய் என்று கண்டித்தார். வியன்னாவில் அலாய்ஸ் ரீகல் 1903-இல் எழுதிய கட்டுரையில், நினைவுச்சின்னங்களின் 'வயது மதிப்'பையும் 'புதுமை மதிப்'பையும் பிரித்துக் காட்டினார். சிதைவில் காலத்தைக் கண்டு நெகிழ்வது முதலாவது, பளிச்சென்று முழுமையாக இருப்பதை விரும்புவது இரண்டாவது. பெருந்திரளான மக்கள் எப்போதும் இரண்டாவதன் பக்கமே என்றும் ரீகல் சொன்னார். நம் ஊருக்கு வந்த வெள்ளைக்கார ரசனையும், அதைப் பின்பற்றிய நம் படித்த ரசனையும், வர்ணமடித்த கோபுரத்தைப் பார்த்து முகம் சுளித்ததன் பின்னணி இதுதான்.

மதுரையில் 1963-லும் 1995-லும் 2009-லும் மீனாட்சியம்மன் கோயில் குடமுழுக்கு நடந்தது. ஒவ்வொரு குடமுழுக்கும் ஒரு புதுக்கோலம். கொலுவுக்குப் பொம்மை செய்யும் விளாச்சேரியில் மங்கிய பொம்மைக்கு மதிப்பில்லை, முகம் திருத்தி வர்ணம் ஏற்ற வேண்டும். இங்கே பழமை என்பது பொருளில் இல்லை, திரும்பச் செய்வதில் இருக்கிறது. எங்கள் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்துக்கு மிதக்கும் தெப்பத்துக்கு வயது கேட்டால் என்ன சொல்வது? விழாவுக்கென்று அலங்கரித்து எழுப்பும் தெப்பம் புதுசு. திருமலை நாயக்கர் காலத்துக் குளமும் விழாவும் பழசு. பலகை எழுதும் பெரியவரின் கேள்விக்குப் பின்னால் இருப்பது இந்த அறிவு. அதை 'ரசனைக் குறைவு' என்று ஒதுக்குவது படித்தவனின் திமிர்.

ஆனால் இதே புதுப்பித்தல் அரசின் கைக்குப் போகும்போது வேறொன்றாகிவிடுகிறது. 1969-இல் பணியில் சேர்ந்து 2001-இல் ஓய்வு பெற்ற 'குர்சுரா' நீர்மூழ்கி, 2002 முதல் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. 91 மீட்டர் நீளம். கடற்காற்று அரிக்காமலிருக்க அதற்கு வர்ணம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும், அது நியாயம். ஆயினும் அந்தப் பளபளப்பின் முன்னால் நிற்கிறவருக்கு, எழுபது எண்பது பேர் வியர்வையிலும் டீசல் வாடையிலும் வாரக்கணக்கில் குளிக்காமல் கிடந்த இடம் இது என்று தோன்றுவது கடினம். குடமுழுக்குப் புதுப்பித்தலில் ஊர் தன் உறவைப் புதுப்பிக்கிறது. அருங்காட்சியகப் புதுப்பித்தலில் அரசு தன் உழைப்பாளிகளின் சுவட்டைத் துடைக்கிறது. செயல் ஒன்றுதான், அதிகார உறவு வேறு. தமிழகத்துக்கு இதுவும் வாய்க்கவில்லை. 2010-இல் ஓய்வு பெற்ற 'வாக்லி'யை மாமல்லபுரத்தில் நிறுத்தத் திட்டமிட்டார்கள், திட்டம் நிறைவேறவில்லை. துரு அங்கே யாருடைய தூரிகையையும் எதிர்பார்க்கவில்லை.

மூப்பேற்றுகிற எங்களையும் இந்த விசாரணையிலிருந்து விலக்கிவிட முடியாது. உண்மைக் கப்பலில் துரு என்பது ரசிக்கும் பொருள் அன்று, வேலை. கீழ்நிலை மாலுமி சுத்தியலால் தட்டித் தட்டி உதிர்த்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, சிவப்புப் பூச்சு அடித்து, மறுபடி மேல்நிறம் அடிக்கிற வேலை. அதிகாரியின் கண்ணுக்குத் துரு என்பது அவனுடைய சோம்பல். மாதிரிக்காரன் அந்தத் துருவை எடுத்துக்கொள்கிறான், சுத்தியலை விட்டுவிடுகிறான். போதாததற்கு, மாதிரி உள்ளே கூடு. காஜிக்குள் இருந்தவர்களுக்கு என் மேசைமேல் இருக்கும் பொருளில் இடமே கிடையாது. தோலின் காயங்களைத் துல்லியமாகத் தீட்டுகிற கலை, உள்ளே ஆளில்லாத ஒரு போரைத்தான் நினைவுகூர்கிறது. இதற்கு நுட்பரீதியான தீர்வு எதுவும் இல்லை. இதை மறக்காமல் வேலைசெய்வது மட்டுமே சாத்தியம்.

6

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். காஜியை டிசம்பர் 3-ஆம் தேதி மாலையோடு நிறுத்த வேண்டும். கராச்சியிலிருந்து வந்த நாட்களின் உப்பு, பாசி, துளைகளுக்குக் கீழே இறங்கிய பழுப்பு ஆகியவை மட்டும். முன்பகுதி முழுசாக இருக்க வேண்டும். இது நடுநிலை வேஷம் அல்ல. பொருளின் காலம் எதுவரை சாட்சி சொல்கிறதோ அதுவரை தூரிகை போகலாம். அதற்கு மேல் போனால் தூரிகையைப் பிடித்திருப்பது என் கை அல்ல, ஏதோ ஒரு தேசத்தின் கை.

தெப்பக்குளத்தில் நீரில்லாத ஆண்டுகள் பல இருந்தன. உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தெப்பம் மிதக்க வழியில்லாமல் நிலைத்தெப்பமாயிற்று. அண்மை ஆண்டுகளில் வைகைத் தண்ணீர் கால்வாய் வழியே வந்து நிறைகிறது. குளத்தில் நீர் நின்ற உயரத்தைக் கல்லில் படிந்த கறை காட்டும், அதைத் தூரிகையால் தீட்டியவர் யாருமில்லை. காஜியின் சிதைவு கடலடியில் இருப்பதை இந்தியக் கடற்படை தன் மீட்பு நீர்மூழ்கியைக் கொண்டு கண்டறிந்ததாக 2024-இல் செய்தி வந்தது. இறந்தவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடாமல் விட்டதாகவும் சொன்னார்கள். அங்கே அரை நூற்றாண்டாக உண்மையான மூப்பேற்றம் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு நாடுகளின் பிரதிகளையும் படிக்காத உப்பு அதைச் செய்கிறது.